இடது சக்கரத்துப் பழைய கப்

ராயபுரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ‘டூப்ளிகேட் கடை’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்தவள் என் தங்கை. வைக்க வைத்தவன் நான். அந்தக் கடைக்காரர் தெரிந்து ஒரு டூப்ளிகேட் சாமானைக்கூட விற்கிற ஆள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்ட மாதிரி நின்றேன். இதை எழுத உட்கார்ந்தாலே காது மடல் சூடாகிறது. இருந்தாலும் எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் என் ஜம்பத்தைச் சொல்லியாக வேண்டும். நான் ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், கிரேன் பிட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கன்டெய்னர் தூக்குகிற கிரேன்களின் சக்கரங்களுக்குப் பேரிங் மாற்றுவது என் வேலை. தாம்பாள அகலத்துக்கு இருக்கும் ஒவ்வொரு பேரிங்கும். ஒற்றை ஆளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதை இழுத்துக் கழற்ற ஒரு கருவி, அழுத்தி ஏற்ற ஒரு பிரஸ், சூடுபடுத்த ஒரு மெஷின் என்று எல்லாம் அங்கே இருக்கிறது. நாளாக ஆக, அந்த மெஷின்களின் பலமெல்லாம் என் இரண்டு கையில்தான் இருக்கிறது என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். கல்யாண வீட்டு வாசலில் எவனாவது பைக்கை நிறுத்தினால், ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்து, “கோன் செட்டு பூட்ச்சி பாரு” என்பேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் மனைவி செருப்புக் காலால் என் காலை மிதிப்பாள்.

என் தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான் இருப்பார். அவர் அனுப்பியதில் மிச்சம் பிடித்து இவள் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினாள். டிரைவர் போட்டால் கட்டுப்படியாகாது என்று தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கேன்டீனுக்குக் கொண்டுபோய் இறக்குவாள். வெளியூர்த் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் சாப்பிடுகிற இடம். காலை ஏழு மணிக்குள் மீன் வந்தாக வேண்டும், ஒரு நாள் தவறினாலும் ஆளை மாற்றிவிடுவோம் என்று சொல்லித்தான் ஆர்டரே கொடுத்திருந்தார்கள்.

காசிமேட்டு லோடு வண்டிக்காரர்களில் இவள் ஒருத்திதான் பெண். ஆரம்பத்தில் இவள் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் நாலு பேர் கூடி நின்று விசில் அடிப்பார்கள். இவளும் சளைத்தவள் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவர்கள் வீட்டுச் செய்தி வரை இழுத்துத் திட்டுவாள். கொஞ்ச நாளில் விசில் நின்றது.

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் வண்டியில் நான் ஏறினேன். வேகம் எடுத்ததும் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல். திருப்பத்தில் அது கூடியது. எனக்கு ஒரே குஷி. “முன்னாடி ரெண்டு வீல் பேரிங்கும் காலி” என்றேன். மீன் வண்டிக்கு அது சகஜம். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சக்கரத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

“மெக்கானிக்காண்ட வுடலாம்னா நாயித்துக்கெழம அவன் கட தொறக்க மாட்டான்ணா. திங்கக்கெழம காலில வுட்டா சாய்ங்காலம்தான் தருவான். அன்னிக்கி மீனுக்கு நா இன்னா பண்றது?” என்றாள் தங்கை.

“எதுக்கு மெக்கானிக்கு? நான் எதுக்கு கீறேன்? நாளைக்கு உன் வூட்டு வாசல்லயே மாத்திக் குட்க்கறேன்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை கேன்டீனில் கோழி. அன்று ஒரு நாள்தான் அவளுக்கு ஓய்வு.

அன்று சாயங்காலமே இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு கீழே படித்தவர். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதில் பொறித்திருக்கிற நம்பரை டார்ச் அடித்து நம்மிடம் காட்டி, “பாத்துக்கோ” என்று சொன்ன பிறகுதான் கையில் கொடுப்பார். இரண்டு சக்கரத்துக்கும் வேண்டிய பேரிங், சீல், கிரீஸ் எல்லாவற்றையும் அப்படியே காட்டிக் கொடுத்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்.

“மாமு, கப்பு கயட்டும்போது பாத்து. மீன் வண்டி, துரு ஏறிக்கினு இருக்கும். வர்லன்னா மெனக்கெடாத. அப்டியே ஹப்போட எத்துகினு வா. பின்னால லேத்து பட்டற நம்ப பையன்துதான், நாயித்துக்கெழமையும் இருப்பான். அஞ்சு நிமிசத்துல எத்துத் தரேன்.”

“யார்கிட்ட சொல்ற? ஆர்பர்ல நான் மாத்துற பேரிங்க நீ கனவுலகூட பாத்திருக்க மாட்ட” என்றேன். கடையில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இந்த இடத்தில் கப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி பேரிங்கில் இரண்டு பாகம். சின்னச் சின்ன உருளைகளோடு இருக்கிற உள்பாகம் கோன். அந்த உருளைகள் எதன்மேல் ஓடுகிறதோ அந்த வெளி வளையம் கப். கோனைக் கையாலேயே எடுத்துவிடலாம். கப் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்புக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். பின்னாலிருந்து அடித்துத்தான் கழற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால், பழசில் இருக்கிற கீறல் புதுசையும் அரைத்துத் தின்றுவிடும். இது முதல் வருஷப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவள் வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பனியனும் கைலியுமாக இறங்கினேன். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். நட்டுகளைத் தரையிலேயே தளர்த்தினேன். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். தெருவில் ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, ஆளுக்கொரு யோசனையோடு வந்து நிற்பார்கள். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் நாற்காலியே போட்டுக்கொண்டார். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

வலது சக்கரம் வெண்ணெய் மாதிரி வந்தது. தங்கை மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவித் துணியில் அடுக்கினாள். சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக இருக்கிற கப் இரண்டும் நாலு அடியில் தெறித்து விழுந்தன. புதுசை ஏற்றி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளுக்குள் அழுத்தி நிரப்பி, நட்டைத் திருகி, அது கழலாமல் பூட்டுப் பின்னை அடித்து, சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினேன். சத்தமே இல்லை. “சோக்கா சுத்துது” என்றார் ஆட்டோக்காரர்.

இடது சக்கரத்தில் வெளிப்பக்கக் கப் வந்துவிட்டது. உள்பக்கக் கப் வரவில்லை. துரு ஏறி ஹப்போடு ஹப்பாக ஒட்டிப்போயிருந்தது. இரும்புக் கம்பியை வைத்து அடித்தேன். திருப்பி வைத்து அடித்தேன். கம்பி வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. அது ஒரு நூல்கூட அசையவில்லை.

“இன்னாண்ணே, ஆர்பர்ல கப்பலையே தூக்கிக் கடாசுற ஆளு. இத்துனூண்டு கப்பு வர மாட்டேன்னுதே!” என்றார் ஆட்டோக்காரர். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் கேலிக்குச் சொன்னதுதான், குத்தலுக்கு இல்லை. ஆனால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

தங்கை பக்கத்தில் குந்தி மெதுவாகச் சொன்னாள். “ணா, வுடுணா. கையில ரத்தம் வருது பாரு. கடையாண்ட எத்துகினு போலாம். அவுருதான் எத்துத் தரேன்னாரே.”

“எனக்குத் தெரியும், நீ போய் டீ போடு” என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். ஆட்டோக்காரரும் சாப்பாட்டு வேளை என்று நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார். நானும் அந்த ஹப்பும்தான் தெருவில் மிச்சம்.

நான் கப்பைத் துடைத்து, உள்பக்கம் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நகம் தட்டியது. இன்னொரு தடவை ஓட்டினேன். அதே இடத்தில் தட்டியது. ஆர்பரில் ஒரு பையன் இப்படி ஒரு கப்பை என் முன்னால் வைத்திருந்தால் அவனை அன்று முழுக்கத் திட்டியிருப்பேன். ஆனால் ஹப்பைத் தூக்கிக்கொண்டு, முந்தின நாள் நான் சவடால் விட்ட அதே கடை வாசலில் போய் நிற்பதை நினைத்தேன். அவர் சிரிப்பார். இல்லை, அவர் சிரிக்கக்கூட மாட்டார், ‘குடு மாமு’ என்று வாங்கிக்கொள்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழைய கப்பில் கிரீஸைத் தடவி, புதுக் கோனை அதில் வைத்து, மேலே ரப்பர் சீலை அடித்து மூடினேன். புதுக் கப்பைக் காகிதத்தோடு என் கருவிப் பையின் அடியில் போட்டேன். எல்லாம் இரண்டு நிமிஷம்.

தங்கை டீயோடு வந்தாள். “வந்துட்ச்சாணா?”

“வந்துட்ச்சி” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே ஒரு வார்த்தை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எதிர் வீட்டைப் பார்த்துக் கூவினாள். “ஆட்டோ அண்ணே! எங்கண்ணன் எத்துட்டாரு! கப்பலு தூக்குற கையின்னா சும்மாவா?” உள்ளேயிருந்து அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அன்று அவள் எனக்காக வஞ்சிரம் குழம்பும் நெத்திலி வறுவலும் செய்திருந்தாள். நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கங்கெட்டவன்.

திங்கட்கிழமை ஆர்பரில் அந்தப் புதுக் கப்பைப் பழைய இரும்பு போடுகிற டிரம்மில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை.

வண்டி முனகல் இல்லாமல் ஓடியது. நான் தினம் போன் போட்டு, “சத்தம் எதுனா வருதா?” என்று கேட்டேன். இந்த அண்ணனுக்கு வண்டிமேல் எவ்வளவு அக்கறை என்று அவள் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னாளாம். இரண்டு வாரம் போன பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஒருவேளை அந்தக் கீறல் அப்படியொன்றும் ஆழம் இல்லையோ, நாம்தான் அதிகம் பயந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, ஆறு மணி டியூட்டிக்குப் போய்ச் சேர்ந்த கையோடு போன் வந்தது. “ணா, வண்டி நின்னு பூட்ச்சி. முன்னாடி வீலாண்ட பொகை வருது. மீனு மொத்தம் வண்டிலயே கீதுணா.” நான் பர்மிஷன் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

எர்ணாவூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தாள். இடது சக்கரம் அப்படியே இறுகிவிட்டிருந்தது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுப் போனான். மற்ற நாளாக இருந்தால் இவள் அவனை விட்டிருக்கமாட்டாள். அன்று வெறுமனே ஐஸ் பெட்டிகளுக்குக் கோணி போர்த்திக்கொண்டிருந்தாள். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. வேறு வண்டி பிடித்து, மீனை மாற்றி ஏற்றி, அவள் அதில் காட்டுப்பள்ளிக்குக் கிளம்பியபோதே மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

நான் பக்கத்திலிருந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். கோன் நொறுங்கியிருந்தது. பாதி உருளைகள் உதிர்ந்து கிரீஸில் கிடந்தன. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். வெல்டிங் கம்பியை எடுத்து, இறுகியிருந்த கப்பின் உள்பக்கம் ஒரு சுற்று வெல்டிங் ஓட்டினார். ஆறியதும் கப் சுருங்கி, ஹப்பைக் கவிழ்த்தபோது தானாகக் கீழே விழுந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் அதைக் குறடால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “இன்னா சார் இது? கோனு புச்சு, கப்பு அரதப் பழசு. எவன் போட்டான் இத்த?”

“எவனோ ஒரு மெக்கானிக்” என்றேன்.

“சரியான கூமுட்டையா இருப்பான் போல.”

“ஆமா” என்றேன். அவர் அந்தக் கப்பை அவருடைய குப்பையில் வீசினார்.

பதினொரு மணிக்குத் தங்கை திரும்பி வந்தாள். அவளே சொன்னாள். மீனை வாங்கிக்கொள்ளவே இல்லையாம். நாளையிலிருந்து வேறு ஆள் வருகிறார், நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிவிட்டுக் கீழே குனிந்து, தரையில் கிடந்த நொறுங்கிய கோனை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூணு வாரங்கூட ஆவலியேணா. இப்டியா பொடிப்பொடியா பூடும்?” என் முகத்தைப் பார்த்தாள். “டூப்ளிகேட்டாணா?”

நான் உதட்டைப் பிதுக்கினேன். அதற்கு அவள் ஆமாம் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நான் பிதுக்கினேன்.

புதுப் பேரிங் வாங்க வேண்டும். வேறு கடைக்குப் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. பைக்கின் பின்னால் அந்தக் கோனை மடியில் வைத்துப் பிடித்தபடி வந்தாள். கடையில் ஏழெட்டு லோடு வண்டி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய் அந்தக் கோனைக் கண்ணாடி மேஜைமேல் போட்டாள்.

“இன்னா சரக்கு விக்கற நீ? நல்லாப் பாரு! மூணு வாரத்துல பூட்ச்சி. நடு ரோட்ல நின்னேன். என் ஆர்டரு பூட்ச்சி. டார்ச்சு அடிச்சி நம்பரு காட்றியே, டூப்ளிகேட்டுக்கு இன்னாத்துக்குய்யா டார்ச்சு?”

கடைக்காரர் பதறவில்லை. கோனை எடுத்துத் துணியால் துடைத்து, அதே டார்ச்சை அடித்துப் பார்த்தார். “இதே பொட்டியிலேர்ந்து நாலு வண்டிக்குக் குட்த்துகீறேனேம்மா...” என்று ஆரம்பித்தார். பழைய கப் கீறி உருளையில் விழுந்திருந்த கோட்டை விரலால் தடவினார். “இதோட கப்பு எங்கம்மா?”

“கப்பு இன்னாத்துக்கு? ஒட்ஞ்சது இதான்!”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு என்ன தேதி என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. இதோ, இப்போது சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். ஆனால் ஏழெட்டு டிரைவர்கள் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேர் அன்று நான் விட்ட சவடாலைக் கேட்டவர்கள்.

அவர் கோனைக் கீழே வைத்தார். “சர்தாம்மா. மாலு தப்பா வந்துட்ருக்கும். என் தப்புதான். வேற செட்டு தரேன், துட்டு வேணாம்” என்றார்.

“துட்டு வேணான்னா என் ஆர்டரு வந்துடுமா?” என்று தங்கை அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். டிரைவர்கள் பக்கம் திரும்பினாள். “டூப்ளிகேட் கடைப்பா இது. நாளைக்கி உங்க வண்டியும் நடு ரோட்ல நிக்கும், பாத்துக்கங்க!” ஒருவன் கையில் வாங்கி வைத்திருந்த சாமானைத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டு நழுவினான்.

அவர் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கப்பும் உள்ள கீது மாமு. ரெண்டையும் மாத்திடு” என்றார். திட்டியிருந்தால் தேவலை. என் மானம் கப்பலேறக் கூடாது என்று அந்த மனுஷன் தன் மானத்தை ஏற்றிவிட்டார், நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. காசிமேட்டில் ஏல வேளையில் தங்கை சொன்னாள், ஐஸ் கம்பெனி வாசலில் சொன்னாள். வண்டிக்காரர்கள் வாய்க்கு வாய் மாற்றினார்கள். ஒரு மாதத்தில் அந்தக் கடை வாசலில் நிற்கிற வண்டிகள் குறைந்தன. டியூட்டி முடிந்து வரும் வழியில் பார்ப்பேன். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார், அல்லது ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிறகு நான் அந்த வழியே வருவதை நிறுத்திவிட்டு, பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். மனைவி ஏன் லேட் என்று கேட்டால் டிராபிக் என்பேன். தங்கை ஆர்டர் இல்லாமல், கிடைத்த சில்லறை லோடுகளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தவக்காலம் வந்தது. எங்கள் குடும்பத்தில் தவக்காலத்தில் எல்லோரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட வேண்டும், அது அம்மா காலத்து வழக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் தங்கை நின்றாள். சாமியாரிடம் எப்போதும் சொல்வதோடு சேர்த்து இதையும் சொல்லிவிட்டேன். சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் போனேன்.

“இதைத் தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல ஃபாதர்.”

“கடைக்காரர்கிட்ட?”

“இல்ல ஃபாதர்.”

“அப்ப எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?” என்றார்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தேன். தங்கையும் முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டை இறக்கிவிட்டு, “நா இன்னா சொன்னேன் தெரிமா?” என்றாள். “அந்தக் கடைக்காரர நாலு பேரு எதுர்ல வெச்சி கண்டபடி பேசிட்டேன்னு சொன்னேன்ணா. அவுரு குட்த்தது டூப்ளிகேட்டாவே இருக்கட்டும். ஒத்துக்கினாரு இல்ல? துட்டும் வாங்கல. அதுக்கப்புறமும் ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன். மன்சுக்கு ஒரு மாதிரி கீது.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கீழே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீ போடப் போன நேரத்தில் நான் செய்தது, டிரம்மில் எறிந்தது, பட்டறையில் எவனோ மெக்கானிக் என்று சொன்னது, எல்லாம். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“கப்பு வர்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, கடையாண்ட எத்துகினு போயிருப்போம். அவ்ளோதானே?” என்றாள். “அவ்ளோதானேணா?”

நான் தலையை ஆட்டினேன்.

“அவுருக்குத் தெரிமா?”

“அன்னிக்கே தெரியும். கோன பாத்ததுமே தெரிஞ்சிட்ச்சி.”

“தெரிஞ்சிமா கம்முனு நின்னாரு?” அவள் எழுந்துவிட்டாள். புடவையைத் தட்டிக்கொண்டாள். “நாளைக்கி நான் கடைக்குப் போறேன்.”

“நானும் வரேன்” என்றேன்.

“நீ வராத. நீ வந்து நின்னா அவுரு மறுபடியும் உன் மானத்தத்தான் காப்பாத்துவாரு.” இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

நான் போகக் கூடாதுதான். ஆனால் மறுநாள் சாயங்காலம் கால் வீட்டில் தங்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய், கடைக்கு எதிர்ப்புறம் டீக்கடை ஓரமாக நிறுத்தி, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் டீக்கடையில் லோடு வண்டிக்காரர்கள் நிறையப் பேர். தங்கை தன் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினாள். உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, அன்றைக்குக் கத்தின அதே குரலில் பேசினாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. அன்னிக்கி இந்தக் கடைய டூப்ளிகேட் கடைன்னு சொன்னேன். அது பொய்யி. இவுரு குட்த்தது ஒரிஜினலு. பழைய கப்ப எடுக்காம, அதுல புதுக் கோன போட்டது நான்தான். எனக்கு வேல தெரில, அதான் பூட்ச்சி. இவுரு மேல ஒரு தப்பும் கெடையாது.” அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். “மன்னிச்சிடுங்கண்ணே.”

கடைக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். “வுடும்மா, வுடும்மா, இன்னாம்மா இது” என்று கையை ஆட்டினார்.

‘நான்தான்’ என்றாள். ‘என் அண்ணன்’ என்று சொல்லவில்லை. நான் பைக்கிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்ட வேண்டும். பத்துத் தப்படிகூட இருக்காது. தாண்டி, நான்தான் என்று சொல்ல வேண்டும். கையை ஹெல்மெட் வாருக்குக் கொண்டுபோனேன்.

டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. ஒருவன் விசில் அடித்தான். என் பக்கத்தில் கிளாஸோடு நின்றிருந்த ஒரு டிரைவர், நான் யார் என்று தெரியாமல் என் தோளில் தட்டினான்.

“பாத்தியா மாமு? பொம்பள ஸ்பேனரு புட்ச்சா இப்டித்தான். பேரிங்கு மாத்துற மூஞ்சப் பாரு!”

நான் சிரித்தேன். அவனோடு சேர்ந்து, அவன் மாதிரியே சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. கடை வாசலில் நின்றிருந்த என் தங்கை அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள்.